துணி மூட்டை வேண்டாம், கண்ணு

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

பிரியமுள்ள மகளுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் அம்மாவின் ஸ்தோத்திரம். கம்போடியாவுக்கு ஊழியத்துக்குப் போகும் டீமில் உன் பெயரும் வந்துவிட்டது என்று நீ சொன்ன ராத்திரி, அப்பா ரொம்ப நேரம் முழங்காலில் இருந்தார். எனக்கும் மனசு நிறைந்துதான் போனது. ஆனால் நம் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் சொல்லி நல்ல பழைய துணியாகச் சேர்த்து அனுப்பச் சொன்னாயே, அதை நான் செய்யப் போவதில்லை. ஏன் என்று போனில் சொன்னால் பாதியிலேயே அறுந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நீ அப்போது சின்னப் பிள்ளை; தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்து ஜனங்கள் ஓடி வந்தது மட்டும்தான் உனக்கு ஞாபகம் இருக்கும். நம் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கும் மேல் போய்விட்டார்கள். அடுத்த நாளிலிருந்து லாரி லாரியாக உதவி வந்தது. அதில் பாதி பழைய துணி. கிழிந்த சட்டை, சாயம் போன சுடிதார், நம் ஊர் வெயிலுக்கு யாரும் போடாத ஸ்வெட்டர். குப்பத்துக்குப் போகும் ரோட்டோரம் எல்லாம் குவிந்து கிடந்தது. யாரும் தொடவில்லை. கடலுக்குப் போகிற குடும்பங்கள், கண்ணு. அடுத்தவர் உடுத்திக் கழித்ததை வாங்கிக் கட்டி அவர்களுக்குப் பழக்கம் இல்லை. என் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா என்னிடம் சொன்னாள்: "நேத்து வரைக்கும் நாலு பேருக்கு மீன் குடுத்த கை டீச்சர் இது." அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

அதே வாரம் இன்னொரு குழுவும் வந்தது. வந்தவர்கள் எதையும் இறக்கவில்லை. பெண்களோடு தரையில் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேட்டார்கள். "அரிசி வந்துடுச்சு, வடிக்கப் பானை எங்கே?" என்றார்கள் பெண்கள். மறுநாள் பானை, கரண்டி, தட்டு, மண்ணெண்ணெய் அடுப்பு வந்தன. அவர்கள் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் சோனங்குப்பத்தில் வெகுநாள் அவர்களைப் பற்றித்தான் பேச்சு.

நீங்கள் பிள்ளைகளுக்கு விபிஎஸ், அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி, நடத்தப் போகிறீர்கள், ஒரு பிள்ளைகள் விடுதிக்கும் போகிறீர்கள் என்றாய். இதை ஒரு டீச்சராகச் சொல்கிறேன், கவனமாகக் கேள். சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பிள்ளைகளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அலை எப்படி வந்தது, வீட்டில் யாரைப் பறிகொடுத்தாய்? கையில் கேமரா இருக்கும். நாளாக நாளாக ஒரு பையன், புது ஆள் வகுப்புக்குள் நுழைந்தாலே தானாக எழுந்து நின்று, மனப்பாடச் செய்யுள் மாதிரி தன் தங்கை போன கதையை ஒப்பிக்க ஆரம்பித்தான். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அவன் அழவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

கம்போடியாவில் விடுதிகளில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யுனிசெஃப் பல வருஷமாகச் சொல்லி வருகிறது. வறுமையால் கொண்டுவந்து விடுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் பணம் கொடுத்ததால் விடுதிகளும் பெருகின. நாலு நாள் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு ஐந்தாம் நாள் பஸ் ஏறிப் போகிற அக்காக்களை அந்தப் பிள்ளைகள் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்கள்? விடுதிக்குப் போவதைவிட, அந்த ஊர்ச் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களோடு உட்காருங்கள். பாட்டு, கதை, படம் எல்லாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் நில்லுங்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் வகுப்பு நடக்கும். படம் பிடித்துப் போடுவதாக இருந்தால் பெற்றவர்களைக் கேட்காமல் எந்தப் பிள்ளை முகத்தையும் போடாதே.

நம் ஊர் வரலாற்றை நினைத்துப் பார். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706ல் தரங்கம்பாடியில் இறங்கியபோது உன்னைவிடச் சின்ன வயசு. பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதித்தான் தமிழ் படித்தார். 1719ல் முப்பத்தாறு வயதிலேயே இறந்தும் போனார். அவருக்குப் பின்னால் ஊர் ஊராக நடந்து சபைகளைப் பார்த்துக்கொண்டது யார்? ஆறுமுகம் என்று இந்தக் கடலூரில் பிறந்து, அவர் கையால் 1718ல் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன். 1733ல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். தமிழரில் முதல் லுத்தரன் போதகர் அவர்தான். வெளியிலிருந்து வந்தவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், ஆரோனைப் பற்றிப் பேசுவதே இல்லை. நீ போகிற ஊரிலும் ஒரு ஆரோன் இருப்பார். அவரைத் தேடு. அவர் சொல்வதைச் செய்.

கம்போடியாவின் சபைகள் சும்மா வந்தவையும் அல்ல. 1975லிருந்து 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கூட்டத்தின் ஆட்சியில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் மடிந்தார்கள். கிறிஸ்தவர்களில் தப்பிப் பிழைத்தவர்கள் மிகச் சிலர். வேதாகமத்தை ஒளித்து வைத்தவர்கள், ஜெபத்தை வாய்க்குள்ளேயே சொன்னவர்கள். அப்படி ஒரு பாட்டி அந்தச் சபையில் இருந்தால், விசுவாசத்தைப் பற்றி நீ அவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள். ரோமர் முதலாம் அதிகாரத்தில் பவுலே, நீங்கள் என்னால் மட்டுமல்ல, நானும் உங்களால் ஆறுதலடைய வேண்டும் என்றுதானே எழுதுகிறார். நீ போக வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். எண்ணிக்கையில் சிறிய ஒரு சபைக்கு, தூரத்திலிருந்து ஒருவர் தேடி வந்து கூட உட்கார்ந்து ஆராதிப்பது எவ்வளவு பெரிய தைரியம் என்பது நமக்குத் தெரியும்.

சில்லறை விஷயங்கள். நாம் பிள்ளைகளைக் கண்டால் தலையைத் தடவிக் கொடுப்போம். அங்கே அது மரியாதை இல்லை, கையைக் கட்டுப்படுத்திக்கொள். புத்த பிக்குகளைப் பெண்கள் தொடக் கூடாது. வீட்டுக்குள் செருப்பு கூடாது, அது நமக்குப் பழக்கம்தான். பொது இடத்தில் மதப் பிரசாரம் செய்ய அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. டீமில் யாராவது ஆர்வக் கோளாறில் கைப்பிரதி கொடுக்கக் கிளம்பினால் தடுத்து நிறுத்து. நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், விசாரணைக்குப் பதில் சொல்லப் போவது அந்த ஊர்ப் போதகர். பிரஹோக் என்று ஊறவைத்த மீனில் ஒன்று செய்வார்கள். கருவாட்டு வாசனையில் வளர்ந்தவள் நீ, முகம் சுளிக்காமல் சாப்பிடு. டெங்கு இருக்கிற ஊர், கொசு மருந்தை மறக்காதே.

துணிக்குப் பதிலாக ஐக்கியத்தில் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். நீ அங்கே போய், போதகரிடமும் முக்கியமாகப் பெண்களிடமும் கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு வா. எது வேண்டும் என்கிறார்களோ, அந்த ஊர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ள அனுப்பிவிடலாம். எதுவும் வேண்டாம் என்றால் அதையும் மாற்றாமல் வந்து சொல். உங்கள் டீமுக்காக ஞாயிறு ஆராதனையில் ஜெபிக்கும்படி போதகர் ஐயாவிடம் பெயர் கொடுத்திருக்கிறேன். அந்தச் சபை இருக்கும் ஊரின் பெயரையும் சனிக்கிழமைக்குள் அனுப்பு, அவர்கள் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும்.

அன்புடன்,
அம்மா