கால்வாயில் அல்ல, டிரம்மில்

ஆசிரியருக்கு வணக்கம்.

வடசென்னையில் டெங்கு பரவ மக்களிடம் விழிப்புணர்வு இல்லாததே காரணம் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். முப்பது வருடமாகக் கொருக்குப்பேட்டையில் குடியிருக்கிறேன். எங்களுக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. தெரிந்து வைத்திருப்பதில்தான் கோளாறு.

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் டெங்கு கொசுவால் வருகிறது என்பார்கள். எங்கே இருக்கிறது அந்தக் கொசு என்றால், கை நேராகச் சாக்கடை ஓடும் கேப்டன் காட்டன் கால்வாய்ப் பக்கம் நீளும். நானும் அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தேன். அது வீசும் நாற்றத்துக்கு எந்த நோயையும் அதன் தலையில் கட்டலாம். ஆனால் சாக்கடையில் பெருகுவது க்யூலெக்ஸ் என்ற கொசு; ராத்திரியில் கடித்து யானைக்கால் நோயைப் பரப்புவது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் வளரும். அதாவது நாங்கள் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரில்.

இதை எனக்குப் புரியவைத்தது சுவரொட்டி இல்லை. கொசுப்புழு பார்க்க வந்த ஒரு பெண். அதுவரை அப்படிப் பார்க்க யார் வந்தாலும் டிரம்மின் மேல் பலகையைப் போட்டு, "எங்க வீட்டுல எல்லாம் சுத்தம்மா" என்று அனுப்பிவிடுவேன். குடிக்கிற தண்ணீரில் மருந்து ஊற்றிவிடுவார்களே என்ற பயம். (லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மிகாமல் டெமிபாஸ் என்ற அந்தக் கொசுப்புழு மருந்தைக் குடிநீரிலேயே கலக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.) அந்தப் பெண் மல்லுக்கு நிற்கவில்லை. வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீரை மொண்டு, டார்ச் அடித்து, "அக்கா, இங்க பாருங்க" என்றார். நெளிந்துகொண்டிருந்தன. எனக்கு வெட்கமாகப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு அவரவர் டிரம்மைப் பார்க்க ஓடினார்கள்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாதாம். முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்குமாம். வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டியின் கதையும் இப்படித்தான். வரவில்லை என்று சண்டைக்குப் போவோம், வந்தால் சன்னலைச் சாத்திக்கொள்வோம். ஏடிஸோ கட்டிலுக்கு அடியிலும் கொடியில் தொங்கும் துணியிலும் சொகுசாக ஒதுங்கியிருக்கும். அப்புறம், புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். டிரம்மில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது.

காய்ச்சலை மறைப்பது வேறு விஷயம். 2020-இல் கொரோனா எண்ணிக்கையில் ராயபுரம் மண்டலம் சென்னையிலேயே முதலிடத்தில் இருந்தபோது, வாசலில் ஸ்டிக்கரும் தெருமுனையில் தகரமுமாக நாங்கள் பட்டது கொஞ்சமில்லை. கடையில் சில்லறையைக் கையில் வாங்கக்கூட யோசித்தார்கள். அதிலிருந்து, "வீட்டில் யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்டால் தெருவே "இல்லை" என்கிறது. என் மகன் போர்வைக்குள் அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்த அன்றைக்கு நானும் அதையேதான் சொன்னேன். நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் அவன் வேலைக்குக் கிளம்பிவிட்டான், ஒருநாள் கூலி போய்விடுமே என்று. டெங்குவில் ஆபத்தே காய்ச்சல் இறங்கும்போதுதான், வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நல்லவேளை, அவனுக்கு எதுவும் ஆகவில்லை.

"தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்" என்று சுவரில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். சில வாரம் அதுவும் இல்லை, லாரிதான். தேக்காமல் எப்படிச் சமைப்பது? எந்த நாள், எத்தனை மணிக்கு வரும் என்று உறுதியாகச் சொல்லுங்கள், சரி, முந்தின நாளே கவிழ்த்துத் தேய்த்து வைக்கிறோம். நாளைக்கு வருமா வராதா என்று தெரியாமல் அரை டிரம் தண்ணீரைக் கொட்ட எந்தப் பெண்ணுக்கும் மனசு வராது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை