பங்கில் மூன்று பொத்தான்

கோயம்புத்தூர்
ஞாயிறு காலை

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதமும் காரின் படமும் சேர்ந்தே வந்தன. அறுபது வயதில் இரண்டே சீட் உள்ள காரை வாங்கியிருக்கிறாய். தங்கச்சி என்ன சொன்னாள் என்று மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. குழிக்குள் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஒர்க்‌ஷாப்பைப் பையன் பார்த்துக்கொள்கிறான். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் பொள்ளாச்சி போனபோது அம்மாவைப் பார்த்தேன். கண் கொஞ்சம் மங்கல், மற்றபடி அதே குரல், அதே அதிகாரம். கார் விஷயத்தை நான் வாய் திறக்கவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உங்கள் டென்வர் பெட்ரோல் பங்கில் 85, 87, 91 என்று ஆக்டேன் எண் போட்ட மூன்று பொத்தான் இருக்கிறது, நம் ஊரிலேயே 95, 100 எல்லாம் கிடைக்கும்போது இந்த 91-ஐ ஊற்றி புதிதாக வாங்கிய போர்ஷே பாக்ஸ்டரைக் கெடுத்துக்கொள்வேனோ, அந்த எண்ணை ஏற்றும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் ஒன்று வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். பாட்டிலை வாங்காதே. அந்தக் காசுக்கு தங்கச்சியை வெளியே சாப்பிடக் கூட்டிப் போ, இப்போது அதுதான் அவசரம்.

உங்கள் ஊர் 91-ம் எங்கள் ஊர் 91-ம் ஒன்றல்ல. பெட்ரோலின் ஆக்டேனை ஒற்றை சிலிண்டர் சோதனை இன்ஜினில் இரண்டு விதமாக அளக்கிறார்கள். நிதானமாக ஓட்டிப் பார்த்தால் வருவது ரிசர்ச் எண், அதாவது ரான். இன்னும் சூட்டோடும் வேகத்தோடும் ஓட்டினால் வருவது மோட்டார் எண். ஒரே பெட்ரோலுக்கு இந்த இரண்டாவது எண் எட்டு, பத்து குறைவாகத்தான் வரும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ரானை அப்படியே பங்கில் எழுதுகிறோம். அமெரிக்காவில் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி எழுதுகிறார்கள். பொத்தானுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அந்தக் கணக்கே அச்சடித்திருக்கும், கண்ணாடி போட்டுப் பார். ஆகவே உன் 91, எங்கள் கணக்கில் 95 அல்லது 96. உன் 87-தான் எங்கள் 91. நீ கீழ்த்தரம் என்று நினைத்தது அங்கே மேல்தரம்.

இப்போது காரின் பெட்ரோல் மூடிக் கதவைத் திறந்து உள்பக்க ஸ்டிக்கரைப் பார். உன்னுடையது 2003 பாக்ஸ்டர் எஸ் என்று எழுதியிருக்கிறாய். 3.2 லிட்டர், ஆறு சிலிண்டர், கலவையை அமுக்கும் கம்ப்ரஷன் 11-க்கு 1. அந்த வண்டிக்கு போர்ஷே 98 ரானைச் சிபாரிசு செய்கிறது. உங்கள் கணக்கில் அது 93. கிடைக்காத இடத்தில் 95 ரான் போதும் என்றும் சொல்கிறது. அது உங்கள் 90. ஆக 91 பொத்தான் உனக்குப் போதும். உலகத்திலேயே நல்ல பெட்ரோலைத் தேடி அலைய வேண்டாம், வண்டி கேட்பதைக் கொடுத்தால் சரி.

ஆக்டேன் என்றதும் எல்லோரும் பெட்ரோலின் பலம் என்று நினைக்கிறார்கள். அது பெட்ரோலின் பொறுமை. தீபாவளிக்கு நாம் வைக்கும் சரவெடியை நினைத்துக்கொள். ஒரு முனையில் பற்றவைத்தால் வரிசையாக வெடித்துக்கொண்டே போகும். நடுவில் ஒரு பொறி விழுந்தால் மீதிச்சரம் மொத்தமும் ஒரே சமயத்தில் டமால். இன்ஜினிலும் பிளக் பற்றவைத்த தீ ஒரு பக்கத்திலிருந்து பரவி வரும்போது, மறு பக்கத்தில் இன்னும் எரியாத கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானே வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். மேட்டில் டாப் கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கின மாதிரி கேட்குமே, அந்தச் சத்தம். அதைத் தாங்கிக் காத்திருக்கும் பொறுமைக்குத்தான் எண். கம்ப்ரஷன் அதிகமான இன்ஜினுக்கு அந்தப் பொறுமை தேவை. குறைவான இன்ஜினுக்கு அதை ஊற்றினால் காசுதான் எரியும்.

இதை நாம் 1987-லேயே சோதித்துவிட்டோம், மறந்துவிட்டாயா? விமான பெட்ரோல் என்று நீ ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தாய். எங்கிருந்து என்று அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கப்போவதில்லை. என் ஆர்எக்ஸ் 100 பைக்கில் ஊற்றி அவிநாசி ரோட்டில் பறக்கப்போகிறோம் என்று கிளம்பினோம். ஒரு கிலோமீட்டர் வேகம்கூட ஏறவில்லை. நாலு நாள் கழித்துப் பிளக்கைக் கழற்றினால் அந்தப் பெட்ரோலில் இருந்த ஈயம் சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. ரம்பப் பிளேடை வைத்துச் சுரண்டியவன் நான், பக்கத்தில் நின்று டீ குடித்தவன் நீ.

இந்த ஆக்டேன் அளவுகோல் பிறந்த கதை எனக்குப் பிடித்தது. 1926-ல் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் போட்டது. நாக்கிங்கைத் தாங்கும் ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு நூறு, தாங்காத ஹெப்டேனுக்குப் பூஜ்யம். சுத்தமான ஹெப்டேன் முதலில் கிடைத்தது ஜெஃப்ரி பைன் என்ற மரத்தின் பிசினிலிருந்து. கலிபோர்னியா மலைகளில் நிற்கிற மரம். சாதாரண பைன் என்று நினைத்து டர்பென்டைன் காய்ச்சப் போய் அடுப்போடு வெடித்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உண்டு. வெடிக்கிற மரத்துக்குப் பூஜ்யம் கொடுத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது.

அப்புறம் அந்த 85. டென்வர் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் மேலே. காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைவு, சிலிண்டருக்குள் போகும் காற்றும் அவ்வளவு குறைவு, நாக்கிங்கும் குறைவு. கார்புரேட்டர் காலத்து வண்டிகள் அங்கே 85-ல் ஒழுங்காக ஓடின, அந்தப் பழக்கம் இன்னும் பங்கில் நிற்கிறது. நீ அந்தப் பொத்தானைத் தொடாதே. ஹூஸ்டனில் மகள் இருக்கிறாளே, அவளைப் பார்க்கப் போனால் மலையில் நிரப்பிய 85 உன்னோடு டேங்கிலேயே கீழே இறங்கிவரும். கடல் மட்டத்துக்கு வந்தால் காற்று முழுசாக நிறையும், பெட்ரோலின் பொறுமை மட்டும் கூடாது. அந்தப் பக்கம் போனால் 93 கிடைக்கும், அதைப் போட்டுக்கொள். மகனின் சுபாரு டர்போ என்றாயே, அவனுக்கு உயரக் கணக்கே செல்லாது. குறைந்த காற்றை டர்போ அமுக்கிச் சரிக்கட்டிவிடும். அவன் மூடியில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான்.

எங்காவது 87 மட்டும்தான் இருந்தால் பயப்படாதே. இன்ஜின் மேல் நாக் சென்சார் இருக்கிறது, உள்ளே தட்டுவதை நம் காதுக்கு முன்னால் கேட்டு, பிளக் பற்றவைக்கும் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளிவிடும். பிக்கப்பும் மைலேஜும் கொஞ்சம் குறையும். அடுத்த பங்க் வரை மெதுவாகப் போ.

மெதுவாகப் போகாத ஒருவனை எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் முன் ஒரு பையன் டர்போ கார் ஒன்றைக் கொண்டுவந்தான். 100 ஆக்டேனுக்கென்று இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை, அதாவது மேப்பை மாற்றியிருந்தான். லிட்டர் 160 ரூபாய் கட்டுப்படியாகாமல் ஒரு நாள் சாதா பெட்ரோல் போட்டுக்கொண்டு, நாலு பேரோடு குன்னூர் ஏறியிருக்கிறான். இன்ஜின் ஹெட்டைக் கழற்றினோம். மூன்றாவது பிஸ்டனின் தலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி சொரசொரப்பாக இருந்தது. முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கிற வரப்பு அரை அங்குலத்துக்கு உடைந்து போயிருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுப் பொடி தூவின மாதிரி புள்ளிகள். நகத்தால் சுரண்டினால் மினுங்கியது. பிஸ்டனின் அலுமினியம் அது. சென்சார் இருந்தும் ஏன் என்று பையன் கேட்டான். அது பின்வாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையையும் மேப்பில் மாற்றியிருந்தார்கள்.

எங்கள் ஊர்ப் பெட்ரோலையும் கேட்டிருந்தாய். இப்போது இருபது சதவீதம் எத்தனால். ரான் 91-லிருந்து 95-க்கு ஏறிவிட்டது, மைலேஜ் இறங்கிவிட்டது. எத்தனாலுக்குப் பொறுமை அதிகம், சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். பழைய பைக்குகளின் ரப்பர் டியூப் ஊறிப்போய் வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது. என் ஆர்எக்ஸுக்கும் போன மாதம்தான் மாற்றினேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. உன் வண்டிக்கு ஆக்டேனைவிடப் பெரிய கவலை இன்ஜினின் நடு ஷாஃப்ட்டுக்குப் பின்னால் இருக்கும் பேரிங். ஐஎம்எஸ் என்பார்கள். அது உடைந்தால் இன்ஜினே போச்சு. முந்தைய சொந்தக்காரர் மாற்றினாரா என்று பில்லைக் கேள். இல்லையென்றால் க்ளட்ச்சுக்கு கியர்பாக்ஸை இறக்கும்போது அதையும் மாற்றிவிடு.

மூடி ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பு, என் ஞாபகம் சரியா பார்க்கிறேன். டிசம்பரில் வருகிறேன் என்றிருக்கிறாய். ஆர்எக்ஸ் ஓடுகிற நிலையில்தான் இருக்கிறது, அவிநாசி ரோட்டில்தான் மேம்பாலம் வந்துவிட்டது. தகர டப்பா எதுவும் கொண்டுவராதே.

அன்புடன்,
உன் பங்காளி