பை, தூக்கு பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் கடை வாசல் கால்வாயை ஆள் வைத்துத் தூர் வாரினோம். சேற்றோடு வந்ததில் பாதி கேரி பேக். நாங்கள் அரைத்து விற்கும் இட்லி மாவு கவரும் அதில் கிடந்தது. முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, எங்கள் பையன் போடும் முடிச்சு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் இந்தப் பைகளுக்குத் தடை. அப்புறமும் கல்லாவுக்குக் கீழே ஒரு கட்டு வைத்திருந்து, கேட்டவர்களுக்குக் கொடுத்தது எங்கள் தவறு.

பை கொண்டுவராதவர்களுக்கு அக்கறை இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். பேசிப் பார்த்தால் அப்படி இல்லை. ஒருவருக்கு மஞ்சக்குப்பத்தில் வேலை முடித்து பாதிரிப்புலியூரில் பஸ் இறங்கும்போதுதான் வீட்டிலிருந்து போன் வருகிறது, "அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கிட்டு வாங்க" என்று. அவர் பைக்கு எங்கே போவார்? கல்லூரிப் பிள்ளைகளுக்கோ மஞ்சப்பை என்றால் கூச்சம். 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இறங்கியும் அந்தக் கூச்சம் முழுசாகப் போகவில்லை.

மாவுக்குத் தூக்கு எடுத்து வராததற்குக் காரணம் வேறு. ஒரு பாட்டி நேராகவே கேட்டார்: "தூக்கு எடையையும் சேத்துப் போட்டுருவியா தம்பி?" நியாயமான கேள்வி. கவரில் கொடுத்தவரை நாங்கள் அதை யோசித்ததே இல்லை. இனி காலித் தூக்கை முதலில் தராசில் வைத்து, உங்கள் கண் முன்னால் பூஜ்யம் ஆக்கிவிட்டுத்தான் மாவு ஊற்றுவோம். தூக்கு கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும். மாவு பொங்கும், முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பினால் வழிந்துவிடும்.

தை பிறந்ததும் கடையில் கவர் இருக்காது. பார்க்கத் துணி மாதிரி இருக்கும் நான்-ஓவன் பையும் பிளாஸ்டிக்தான், அதற்கும் தடை உண்டு என்பதால் அதையும் வைக்கப்போவதில்லை. பதிலாக காடாத் துணிப் பை, முன்பணம் 20 ரூபாய். எப்போது திருப்பிக் கொடுத்தாலும் 20 ரூபாயும் கைக்கு வந்துவிடும், அழுக்காக இருந்தாலும் சரி, நாங்கள் துவைத்துக்கொள்கிறோம். வண்டியில் வருபவர்கள் ஒரு பையைச் சீட்டுக்கு அடியிலேயே போட்டு வைத்துவிடுங்கள்.

தூக்கு மறந்துவிட்டால் திரும்பிப் போக வேண்டாம். எவர்சில்வர் தூக்கு 10 வாங்கி வைத்திருக்கிறோம். நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போங்கள், மறுநாள் கழுவிக் கொண்டுவந்து தந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் மளிகைக் கடை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்