மஞ்சளா தெரிஞ்சாலே யூரியா தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க விவசாயப் பக்கத்துல பார்லி இலை மஞ்சளாகுதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு, அதுக்கு "தழைச்சத்து கம்மி, யூரியா போடுங்க, பூச்சி தெரிஞ்சா மருந்தடிங்க"ன்னு ரெண்டே வரில பதில் சொல்லி முடிச்சிட்டீங்க. ஆனா அவர் கேள்வியிலயே எல்லாம் இருக்கு சார். வயல் முழுக்க இல்ல, அங்கங்க வட்டமா திட்டு திட்டா மஞ்சள், இலை நுனியில ஆரம்பிச்சு கீழ இறங்குது, அந்த செடியெல்லாம் குட்டையா நின்னுடுச்சுன்னு எழுதியிருக்காரு. பார்லி மஞ்சள் குட்டை வைரஸ் வந்த வயல் பாக்க இப்படித்தான் இருக்கும். லேப்ல டெஸ்ட் பண்ணாம அதுதான்னு நானும் அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா அந்த பேராவது பதில்ல வந்திருக்கணும் இல்லையா.

தழைச்சத்து கம்மின்னா அடியில இருக்குற பழைய இலைதான் முதல்ல வெளுக்கும், உரம் போட்டா கொஞ்ச நாள்ல பச்சை கட்டும். வைரஸ்னா எவ்வளவு கொட்டினாலும் கட்டாது. பார்லில பளிச்னு மஞ்சள், ஓட்ஸ்ல சிவப்பு, கோதுமைல மஞ்சளும் வரும் செவப்பும் வரும், அதனாலதான் தண்ணி தேங்கிடுச்சு, குளிர் அடிச்சிடுச்சுன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றது. 1951ல கலிபோர்னியாவுல ஆஸ்வால்ட், ஹூஸ்டன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள்தான் இது அசுவினி, அதாவது இலைச் சாறை உறிஞ்சுற குட்டிப் பூச்சி, சுமந்துட்டு வர்ற வைரஸ்னு காட்டினாங்க.

இந்த வைரஸ் ரொம்ப வினோதமானது, விதை வழியா போகாது, மண்ணுல கிடந்து வராது, நோய் வந்த இலைய கசக்கி நல்ல இலை மேல தேச்சா கூட ஒட்டாது. செடிக்குள்ள சாப்பாடு ஓடுற குழாய் இருக்குல்ல, அங்க மட்டும்தான் அது குடியிருக்கும், அசுவினி வந்து ஊசி மாதிரி வாயை அந்த குழாய் வரைக்கும் இறக்கி உறிஞ்சணும், அப்புறம் வைரஸ் அதோட குடல் தாண்டி உடம்புக்குள்ள சுத்தி எச்சில் சுரப்பிக்கு வரணும், வந்துட்டா அந்த அசுவினி சாகுற வரைக்கும் போற செடியிலெல்லாம் நோயை விட்டுட்டே போகும். ஆனா தாய் அசுவினி வயித்துல எவ்வளவு வைரஸ் இருந்தாலும் அது போடுற குட்டி சுத்தமாத்தான் பிறக்கும்! குட்டி தானா ஒரு நோய் செடியில சாறு குடிச்சாத்தான் உண்டு. இதுல இன்னொரு கூத்து, நோய் வந்த செடியோட வாசனைக்கு சுத்தமான அசுவினி இழுபட்டு வருது, வைரஸ் ஏறின அசுவினி நல்ல செடியை தேடிப் போகுதுன்னு 2012ல ஒரு ஆராய்ச்சில எழுதியிருந்தாங்க. படிச்சப்போ மூளையே இல்லாத ஒரு வைரஸுக்கு இவ்வளவு சாமர்த்தியமான்னு தோணுச்சு.

நான் சொல்ல வர்ற விஷயமே இதுலதான் இருக்கு. விதையிலயும் இல்ல, மண்ணுலயும் இல்ல, அசுவினி குட்டியிலயும் இல்லன்னா அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவுல அது எங்க இருக்கும்? உயிரோட இருக்குற புல்லுலதான். நூத்துக்கும் மேல புல் வகையில இந்த வைரஸ் வாழும், அதுல நிறைய புல் ஒரு அறிகுறியும் காட்டாம பச்சைப் பசேல்னு நிக்கும். வரப்பு ஓரத்துல நிக்குற புல்லு, போன போகத்துல சிந்தின மணி தானா முளைச்சு நிக்குறது, இதையெல்லாம் உங்க பக்கத்துல யாரும் கண்டுக்குறதே இல்ல. விதைக்கறதுக்கு சில வாரம் முன்னாடியே தானா முளைச்சதை அழிச்சிடணும், அசுவினி பறக்குற காலம் ஓயட்டும்னு விதைப்பை கொஞ்சம் தள்ளிப் போட முடிஞ்சா இன்னும் நல்லது. பயிர் சின்னதா இருக்கறப்ப நோய் வந்தாத்தான் அடி பலமா விழும், தூர் கட்டி வளர்ந்த பயிருக்கு அவ்வளவு இல்ல.

மருந்து விஷயத்துக்கு வர்றேன். மஞ்சள் கண்ணுக்கு தெரியறதுக்குள்ள வைரஸ் ஏறி ரெண்டு மூணு வாரம் ஆயிருக்கும், அப்ப மருந்தடிச்சா அந்த செடி குணமாகாது, அசுவினிய தின்னுட்டு இருந்த பொறிவண்டு சாகுறதுதான் மிச்சம். அடிக்கறதா இருந்தா அசுவினி இறக்கையோட வந்து இறங்கி, இறக்கை இல்லாத குட்டிங்க பக்கத்து செடிக்கு நகர ஆரம்பிக்கற நேரத்துல அடிக்கணும். அதுக்கும் வாராவாரம் வயல்ல இறங்கி இளம்பயிரோட அடித்தண்டையும் இலைக்கு அடிப்பக்கத்தையும் புரட்டிப் பாக்கணும். சும்மா காலண்டர் பாத்து பைரித்ராய்டுங்கற பூச்சி மருந்தை அடிச்சு அடிச்சுத்தான் இங்கிலாந்துல தானிய அசுவினிக்கு அந்த மருந்துக்கே எதிர்ப்பு வந்துச்சு. எதிர்ப்பு சக்தி உள்ள ரகம் கிடைச்சா அதையும் போடலாம், பார்லில வொய்டி2ன்னு ஒரு ஜீனை எத்தியோப்பியா பார்லில இருந்து எடுத்து சில ரகத்துல ஏத்தியிருக்காங்க, முழுசா தடுக்காது, ஆனா சேதம் குறையும்.

அதனால அந்த பதிலுக்கு ஒரு திருத்தம் போடுங்க சார், யூரியா வாங்க ஓடறதுக்கு முன்னாடி திட்டு திட்டா இருக்கான்னு பாருங்கன்னு ஒரு வரியாவது. அப்புறம் கூட ஒரு படம் போட்டு கீழ அசுவினின்னு எழுதியிருந்தீங்க, அது அசுவினியே இல்ல, வெள்ளை ஈ. அது இந்த வைரஸை பரப்பாது.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர்