மாத்திரையை நிறுத்தச் சொன்ன ஆடியோ

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கவுந்தப்பாடியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 74 வயது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கும் பிபி மாத்திரையை மூன்று வருடமாகப் போட்டு வந்தவர், தை மாதம் நிறுத்திவிட்டார். பேரன் செல்லுக்கு ஒரு ஆடியோ வந்ததாம். பிபி என்று ஒரு நோயே கிடையாது, மருந்துக் கம்பெனியும் டாக்டரும் அரசாங்கமும் கூடிப் பேசிக் கட்டிவிட்ட கதை, மாத்திரை விற்கத்தான் பிபி அளவையே குறைத்துவிட்டார்கள் என்கிறது ஒரு குரல். அட்டையோடு தென்னை மரத்தடியில் வீசிவிட்டார். மாசிக் கடைசியில் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது தலை சுற்றி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் 200/110. என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது, “ஏன் கண்ணு, நீ அந்தக் கம்பெனியிலதான இருந்தே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

அதனால் எழுதுகிறேன். ஈரோடு, பவானி, அந்தியூர், சத்தி லைனில் 29 வருடம் மெடிக்கல் ரெப்பாகப் பை தூக்கியவன் நான். டாக்டர்களுக்குக் கமிஷனே கிடையாது என்று சொன்னால் என் பையே சிரிக்கும்.

மாதத்தில் சில நாள் மெடிக்கல் கடைக் கல்லா ஓரம் நின்று, எந்த டாக்டர் சீட்டில் எங்கள் மாத்திரை எத்தனை, எதிர்க் கம்பெனி மாத்திரை எத்தனை என்று நோட்டில் குறிப்போம். ஆர்.சி.பி.ஏ. என்பார்கள். நோட்டு ஏரியா மேனேஜர் கைக்குப் போகும். யாருக்கு டைரி, யாருக்கு ஏ.சி., யாருக்குக் குடும்பத்தோடு சிங்கப்பூர் என்பதெல்லாம் அப்புறம்தான் முடிவாகும். ஒரு டாக்டருக்கு நானே ஈரோட்டிலிருந்து டெம்போவில் ஃப்ரிட்ஜ் ஏற்றிப் போய்ப் பின்வாசலில் இறக்கியிருக்கிறேன். அட்டைப்பெட்டியை நீயே எடுத்துக்கொண்டு போய்விடு, பேஷண்ட் பார்த்தால் நன்றாக இருக்காது என்றார். அதே தெருவில் இன்னொரு டாக்டர், சாம்பிளை மட்டும் வாங்கி மில்லுக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். டைரியைக்கூடத் தொடமாட்டார். ஆடியோக்காரருக்கு இந்த இரண்டு பேரும் ஒன்றுதான்.

கம்பெனிகளிடம் டாக்டர்கள் பரிசோ பயணச் செலவோ வாங்கக் கூடாது என்று மருத்துவ கவுன்சில் 2009 டிசம்பரிலேயே விதி போட்டது. அதற்கப்புறமும் சாமான் போனது. பில்லை மட்டும் வேறு பெயரில் போட்டோம். இப்படிக் கொடுப்பதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 மார்ச் 12இல் மருந்துக் கம்பெனிகளுக்கு மத்திய அரசு புது நடத்தை விதிகள் வெளியிட்டது. புகாரை விசாரிப்பது யார் என்று பார்த்தால், கம்பெனிகளின் சங்கத்திலேயே ஒரு குழு. பாலுக்குப் பூனை காவல். இரண்டே நாளில், கட்சிகளுக்குப் பணம் கொடுக்கத் தேர்தல் பத்திரம் வாங்கியவர்களின் பட்டியல் வந்தது, அதில் மருந்துக் கம்பெனிகளும் இருந்தன. எதற்குக் கொடுத்தீர்கள் என்று கேட்க வேண்டியதுதான்.

ஆனால் பெரியம்மாவின் மாத்திரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அது அம்லோடிபின். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கும் சரக்கு. அந்த அட்டையை எழுதச் சொல்லி எந்த ரெப்பும் எந்த டாக்டர் வாசலிலும் காத்திருப்பதில்லை. பிபி அளவைக் குறைத்துவிட்டார்கள் என்பதில் மட்டும் ஒரு துளி உண்மை உண்டு. 2017இல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் வரம்பை 140/90இலிருந்து 130/80 ஆக்கின. அதைப் பற்றி டாக்டர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. சரி, 200க்கு என்ன விவாதம்?

இன்னொன்று. கொரோனா காலத்தில் பேர் வாங்கிய காய்ச்சல் மாத்திரைக்காக டாக்டர்களுக்கு 1000 கோடி ரூபாய் போனது என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வக்கீல் சொன்னார். வழக்குப் போட்டது எங்கள் ரெப்புகளின் சங்கம்தான். கம்பெனி மறுத்தது. வக்கீல் சொன்னது கோபி டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் தீர்ப்பாகிவிட்டது. அன்றைக்கு நானும் தலையாட்டினேன்.

உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். அந்த 2024 விதிகளின்படி நடந்தோம் என்று ஒவ்வொரு கம்பெனித் தலைவரும் நிதியாண்டு முடிந்து இரண்டு மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டு இணையத்தில் ஏற்ற வேண்டும். ஜூன் மாதம் ஒரு நிருபரை உட்காரவைத்து, யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று பெயரோடு அச்சடியுங்கள். அமெரிக்காவில் 2014இலிருந்து டாக்டர் பெயரைத் தட்டினாலே எந்தக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று தெரிகிறது. அது இங்கேயும் வேண்டும் என்று தலையங்கம் எழுதுங்கள். நான்காம் பக்கத்து ஆஸ்பத்திரி விளம்பரம் அதற்குத் தடையாக இருக்காது என்று நம்புகிறேன்.

தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம். பழைய ஸ்டாக்கிஸ்டுகளோடு இன்னமும் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெடிக்கல் ரெப்,
கோபிசெட்டிபாளையம்.