எல்லா நாளும் ஒன்றுதானா? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

சென்ற கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்வி இன்னும் என் மனதிலேயே நிற்கிறது. "கடவுளுக்கு எல்லா நாளும் ஒன்றுதானே அக்கா, எனக்கு லீவு செவ்வாய்க்கிழமை, அன்றைக்குக் கொச்சிக்கடைக் கோவிலுக்குப் போய் அந்தோனியாரைக் கும்பிட்டால் போதாதா, ஞாயிற்றுப் பூசைக்கும் வர வேண்டுமா?" என்றாய். பக்கத்தில் அப்பா இருந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன். உன்னைக் கண்டிக்க இதை எழுதவில்லை. ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம் என்பதும், ரோஸ்டர் போடுகிறவன் நீ அல்ல என்பதும் எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமைப் பக்தியையும் நான் குறைவாக மதிக்கவில்லை. பரீட்சைக் காலங்களில் மெழுகுதிரியோடு அந்த வரிசையில் நின்றவள்தான் நானும். ஆனாலும் உன் கேள்விக்கு நேரான பதில் ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு விடுமுறை நாளாக இருக்கவில்லை. சந்திரனின் நான்கு நிலைகளை ஒட்டி வரும் போயா நாட்களே அப்போது வார விடுமுறையாக இருந்தன. அதனால் ஒரு கிழமை ஏழு நாளில் முடியும், இன்னொரு கிழமை எட்டு நாளுக்கு நீளும். தங்கள் புனித நாளுக்கும் உரிய மதிப்பு வேண்டும் என்ற பௌத்த மக்களின் விருப்பம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன், அதைக் குறைகூற எனக்கு வாயில்லை. ஆனால் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் இலிகிதராக இருந்த நம் தாத்தாவுக்கு ஞாயிறு வேலைநாள் ஆயிற்று, ஏழு வயதாக இருந்த அப்பாவுக்குப் பள்ளிக்கூட நாள் ஆயிற்று. பாட்டி முதல் நாள் இரவே வெள்ளைச் சட்டைகளை மினுக்கி வைத்துவிடுவாராம். விடியுமுன் கொட்டாஞ்சேனை லூசியா கோவிலில் பூசை கண்டு, நற்கருணைக்காக வெறும் வயிற்றோடு இருந்தவர்கள், வெளியே வந்து படிக்கட்டில் நின்றபடியே கடதாசியில் சுற்றிய பாணையும் சம்பலையும் சாப்பிட்டுவிட்டு, ஒருவர் அலுவலகத்துக்கும் மற்றவர் பள்ளிக்கூடத்துக்குமாகப் போவார்கள். சட்டையில் சம்பல் எண்ணெய் படாமல் இருக்கத் தாத்தா தம் கைக்குட்டையை அப்பாவின் கழுத்தில் கட்டிவிடுவாராம். அதைச் சொல்லும்போது அப்பாவின் கை இன்றும் கழுத்துக்குப் போகிறது.

விடுமுறை போயிற்று, நாள் போகவில்லை. இதை நினைக்கும்போது திருச்சபையின் தொடக்க காலமும் அப்படித்தான் இருந்தது என்பது எனக்குப் பெரிய ஆறுதல் தருகிறது. ஏறத்தாழ 112ஆம் ஆண்டில் உரோமைப் பேரரசின் பித்தினியா மாநிலத்துக்கு ஆளுநராக இருந்த பிளினி, கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுகிறார்கள் என்று பேரரசர் திராயானுக்கு எழுதினார். ஞாயிற்றை ஓய்வு நாளாக்கிய பேரரசர் கொன்ஸ்தந்தீனின் ஆணை வந்தது 321இல். அதுவரை இயேசு உயிர்த்தெழுந்த நாளான ஞாயிற்றைக் கொண்டாடியவர்களில் பலர் அன்றைய வேலைக்குப் போக வேண்டியவர்கள், எசமானுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள், உன்னைப் போன்றவர்கள்.

நீ செவ்வாயில் எடுப்பது நல்ல ஓய்வு. ஆனால் அது உன்னை புதன்கிழமை வேலைக்குத் தயாராக்கவே கொடுக்கப்படுகிறது. ஓய்வுநாள் கட்டளைக்கு மறைநூல் இரண்டு காரணங்கள் கூறுவதைக் கவனித்திருக்கிறாயா? விடுதலைப் பயண நூல், கடவுள் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்தார் என்கிறது. இணைச் சட்ட நூலோ, எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்கிறது. உன்னைப் போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓய்வு பெற வேண்டும், மாடும் கழுதையும்கூட ஓய வேண்டும் என்கிறது. நாம் கூடுவது சனியில் அல்ல, வாரத்தின் முதல் நாளில் என்றாலும், அந்த இரண்டாவது காரணம் எனக்கு மிகவும் நெருக்கமானது. அடிமைக்குத் தனக்கென்று ஒரு நாள் கிடையாது. ஆளுக்கொரு நாளை ரோஸ்டர் பிரித்துக் கொடுக்கும் இந்த ஊரில், எல்லோரும் ஒன்றாக ஒரே நாளில் முழந்தாளிடுவது, நாம் யாருடைய உடைமையும் அல்ல என்று சேர்ந்து சொல்வதாகவே எனக்குப் படுகிறது. தனியாக ஒரு செவ்வாயில் அதைச் சொல்ல முடியாது, தம்பி.

2019 உயிர்ப்பு ஞாயிறு உனக்கும் மறக்காது. அன்றுதான் கொச்சிக்கடைக் கோவிலில் குண்டு வெடித்தது. அதற்கடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28 அன்று, கோவில்களில் பொதுப் பூசை இல்லை. கர்தினால் ஒப்புக்கொடுத்த பூசை தொலைக்காட்சியில் வந்தது. அம்மா முக்காடு போட்டுக்கொண்டு நற்செய்திக்கு எழுந்து நின்றார், குருவானவர் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது சீமெந்துத் தரையில் முழந்தாளிட்டார். பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தபோது சுற்றிப் பார்த்தார். என்னையும் அப்பாவையும் தவிர அங்கே யாரும் இல்லை. பிறகு எழுந்து போய் மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மாவுக்கு அன்று செபத்தில் குறையில்லை, ஆட்கள்தான் இல்லை.

உன்னை வேலையை விடச் சொல்லவில்லை. சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிற்றுப் பூசையாகவே திருச்சபையில் கணக்கு. இந்தக் கிழமை உன் ஷிப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது என்று எழுது. சனி மாலை வரலாம் என்றால், அப்பாவையும் அதற்கே கூட்டிக்கொண்டு வருகிறேன். அவரால் இப்போது படிக்கட்டில் தனியாக ஏற முடிவதில்லை, நீ ஒரு பக்கம் பிடித்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா
கொட்டாஞ்சேனை, கொழும்பு