சட்டைக்குத் தலை சுற்றுமா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று நீ போனில் பேசியதிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது. சின்னக் குழந்தைகள் படத்துக்குக் கதை கேட்டிருக்கிறார்கள், மூணு வாரமாக ஒண்ணும் தோன்றவில்லை என்றாய். அப்புறம் நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். பேசும் முயல், காட்டைக் காப்பாற்றும் பையன், பொம்மையைப் பகிர்ந்துகொள்ளப் பழகும் கரடி. கோபப்படாதே, மூன்றிலும் குழந்தையைக் காணோம். பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து, இதுகளுக்கு என்ன புத்தி சொல்லலாம் என்று கூட்டம் போட்ட மாதிரி இருக்கிறது.

நீ விட்டுப்போன சினிமாப் புத்தகங்களை மத்தியானம் தூக்கம் வராதபோது புரட்டுவேன். காமிரா, லென்ஸ் எல்லாம் எனக்கு ஏறவில்லை, தாண்டிவிட்டேன். இவர்களுக்குக் கதை எங்கே கிடைத்தது என்கிற இடங்களை மட்டும் ரெண்டு தடவை படித்தேன்.

அனிமேஷன் படங்கள் எடுத்த அமெரிக்கர் ஜான் லாசட்டர் தன் மேஜை விளக்கைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி, அசைத்துப் பழகிக்கொண்டிருந்தாராம். கூட வேலை பார்த்தவர் ஒருநாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வர, இவர் அதோடு விளையாடிக்கொண்டே, தலை எவ்வளவு பெரிசு, கைகால் எவ்வளவு குட்டை என்று கவனித்திருக்கிறார். சரி, ஒரு விளக்கு குழந்தையாக இருந்தால்? 1986இல் வந்த 'லக்ஸோ ஜூனியர்' அப்படித்தான் பிறந்தது, ரெண்டே நிமிஷப் படம். குட்டி விளக்குக்குத் தண்டையும் ஸ்பிரிங்கையும் குட்டையாக்கியவர் பல்பை மட்டும் பெரிய விளக்கின் அளவிலேயே விட்டுவிட்டார். ஏனென்றால் பல்பு கடையில் வாங்குவது, அது வளராதே! நாலு வயசுப் பிள்ளையின் கணக்கும் இப்படித்தான் இருக்கும், அந்தக் கணக்கை அவர் கடைசிவரை பிசகாமல் போட்டிருக்கிறார்.

இன்னொருத்தர் ஆண்ட்ரூ ஸ்டான்டன், அவரும் அனிமேஷன் இயக்குநர்தான். சின்ன மகனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறார். வேலை வேலை என்று அவனோடு இருக்க முடியவில்லையே என்ற குறையைத் தீர்த்துக்கொள்ளத்தான் அந்த நடை. ஆனால் வழி முழுக்க அதைத் தொடாதே, விழுந்துவிடுவாய் என்று அதட்டிக்கொண்டே போயிருக்கிறார். பயத்தில் பிள்ளையோடு இருக்கும் நேரத்தையே தொலைக்கிறோமே என்று உறைத்ததாம். 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ', தொலைந்த குட்டி மீனை அப்பா மீன் தேடிப்போகிற கதை, அதன் உயிர் அந்த உறைப்புதான். அதில் வரும் மீன் தொட்டி, அவர் சின்ன வயசில் பல் டாக்டரிடம் போனபோது பார்த்தது. நானும் உன்னை அப்படித்தான் அதட்டி வளர்த்தேன், எனக்கு ஏன் ஒரு படம் தோன்றவில்லை என்று உன் அப்பாவிடம் கேட்டேன், பேப்பரைவிட்டுத் தலை நிமிரவில்லை.

பீட் டாக்டர் என்கிற இன்னொரு அனிமேஷன் இயக்குநர், தன் அலமாரிக்குள் பூதம் இருக்கிறது என்று சின்ன வயசில் நம்பியதை 'மான்ஸ்டர்ஸ், இங்க்' என்று படமாக்கினார். மகள் பதினொரு வயசில் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டபோது, இவள் தலைக்குள் என்னதான் நடக்கிறது என்று யோசித்து 'இன்சைட் அவுட்' எடுத்தார். நம் சத்யஜித் ராய்கூட, மகன் குழந்தைகளுக்கு ஒரு படம் எடுங்கள் என்று கேட்டதால் தன் தாத்தா எழுதிய கதையைத் தூசி தட்டி 'கூப்பி கைன் பாகா பைன்' எடுத்திருக்கிறார், 1969இல் வந்தது. எல்லோருக்கும் வீட்டுக்குள்ளேயே கிடைத்திருக்கிறது பார்.

உனக்கு நாலு வயசு இருக்கும்போது கரண்ட் போனால் நீ கிசுகிசுவென்றுதான் பேசுவாய். கரண்ட் தூங்குது, சத்தம் போடாதீங்க என்று எங்களையும் அடக்குவாய். அப்பா தும்மிவிட்டு உன்னிடம் திட்டு வாங்கியிருக்கிறார். முயலையும் கரடியையும் எங்கேயோ போய்த் தேடியவள் இதை எப்படி மறந்தாய்?

அண்ணன் மகன் நேற்று முழுக்க வாஷிங் மெஷின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே அவனுடைய மஞ்சள் சட்டை சுற்றுகிறது. "பாட்டி, என் சட்டைக்குத் தலை சுத்துமா?" சுத்தாதுடா என்றேன். நம்பவில்லை. மெஷின் நின்றதும் சட்டையை எடுத்து, கொடியில் போடவிடாமல், தரையில் நீட்டிப் படுக்கவைத்து, கைகளை ரெண்டு பக்கமும் ஒழுங்காக மடக்கிவிட்டுப் பக்கத்திலேயே காவல் இருந்தான். தரை முழுக்க ஈரம், நான்தான் துடைத்தேன். "சரியாயிடுச்சா?" என்று சட்டையின் கழுத்துக்குள் வாயை வைத்துக் கேட்டான். இப்போது நீ இதைப் பெரிசாக்கக் கிளம்பிவிடாதே. சட்டை உலகத்தைக் காப்பாற்ற வேண்டாம். அதற்குத் தலைசுற்றல் தீர வேண்டும், அவ்வளவுதான், அவனுக்கு அதுவே பெரிய விஷயம்.

அப்புறம், எழுதியதைப் பெரியவர்களிடம் மட்டும் காட்டாதே, நாங்கள் மரியாதைக்குச் சிரிப்போம். அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' என்கிற குழந்தைகள் டிவி நிகழ்ச்சி ஆரம்பித்த காலத்தில் நிகழ்ச்சி ஓடும் டிவிக்குப் பக்கத்தில் வேறொரு திரை வைத்து, ஏழரை வினாடிக்கு ஒரு படம் மாற்றி, பிள்ளையின் கண் எந்த நிமிஷத்தில் அந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்துக்கொள்வார்களாம். என்னிடம் அந்த வசதி இல்லை, ஆனால் இவன் இருக்கிறான். அத்தை எழுதிய கதை என்று சொல்லாமல் படித்துக் காட்டுகிறேன். எந்த வரியில் எழுந்து ஓடுகிறானோ அங்கே பென்சிலால் கோடு போட்டு உனக்குப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ரெண்டு பக்கமாவது அனுப்பு.

அன்புடன்,
அம்மா